சாக்குக்கு வெளியே செருப்பைக் கழற்றுங்கள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு முதல் இரவில் நான் சொல்வது ஒன்றுதான். பிளாட்பாரத்தில் ஒருவன் விரித்திருக்கும் சாக்கு அவனுடைய வீடு. அதில் உட்காரச் சொன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார். கழற்றிய செருப்பின் மேல் ஒரு கண் இருக்கட்டும். எனக்கு இதுவரை மூன்று ஜோடி போயிருக்கிறது.

நான் 2009இல், 17 வயதில், ஒரு பையோடு சென்னை சென்ட்ரலில் இறங்கியவன். வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி, ரத்தன் பஜார் என்று ஐந்து வருடம் கடை வாசல்களில் படுத்தேன். 2013இல் அம்மா உணவகம் திறந்து ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டபோது, பன்னிரண்டு இட்லியை ஒரே மூச்சில் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டதும் அங்கேதான். இப்போது அதே தெருக்களில், வீடில்லாமல் இருக்கும் 18 முதல் 25 வயதுப் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பேசுவது என் வேலை. தெருவிலிருந்து மீண்டு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, செய்து கெட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் உங்கள் பழைய இடத்துக்குப் போகாதீர்கள். "எனக்கு அங்கே எல்லோரையும் தெரியும்" என்று மார்தட்டிக்கொண்டு நான் இரண்டாவது வாரமே போனேன். கழுத்தில் அடையாள அட்டையைப் பார்த்ததும் பழைய கூட்டாளிகளுக்கு ஒரே சிரிப்பு. ஒருவன் 500 ரூபாய் கேட்டான், கொடுத்தேன். இன்னொருவன் பாட்டிலை நீட்டினான், வாங்கினேன். மூன்று நாள் கழித்துத்தான் வேலைக்குத் திரும்பினேன். அப்போது குழுவை நடத்திய அக்கா என்னைத் திட்டவில்லை. வேறு பகுதிக்கு மாற்றினார், கூடவே இன்னொருவரையும் சேர்த்து அனுப்பினார். தனியாகப் போகக்கூடாது என்பது அன்றிலிருந்து எனக்குச் சட்டம்.

நேரம் முக்கியம். கடைகள் ஷட்டர் இறக்கும் ஒன்பதரை மணியிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். இடம் பிடித்து, சாக்கு விரித்து, தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகு போதை ஏறியவர்களும் தூங்குகிறவர்களும்தான் இருப்பார்கள், தூங்குகிறவனை எழுப்பாதீர்கள். போலீஸ்காரர் எழுப்புவது அவனுக்குப் போதும். விடியற்காலை ஐந்து மணி இன்னொரு வாய்ப்பு, ஆனால் ஆள் பிடிக்கும் மேஸ்திரி வரும் நேரம் அது. பேச்சு நீண்டால் அவன் அன்றைய கூலி போய்விடும். முகூர்த்த நாள்களில் அலைய வேண்டாம். பாதிப் பேர் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போயிருப்பார்கள். நாட்காட்டியில் முகூர்த்தம் பார்த்துக் களப்பணி வைக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லோரும் மேம்பாலத்தின் கீழ் ஒதுங்குவார்கள். கூட்டம் ஒரே இடத்தில் இருக்கிறதே என்று அங்கே போய்ப் பேசாதீர்கள். நனைந்த துணியோடு நிற்கிறவனுக்குப் பேச்சு எதற்கு? தார்ப்பாய் கொண்டுபோங்கள்.

முதல் சந்திப்பில் எதையும் கேட்காதீர்கள். ஊர், அப்பா, அம்மா, ஏன் ஓடி வந்தாய் என்ற கேள்விகளை அவன் நூறு தடவை கேட்டிருப்பான், நூறு பதில் வைத்திருப்பான். நான் டீக்கடையில் இரண்டு டீ வாங்கி, ஒன்றைக் கொடுத்துவிட்டு, என்னுடையதைக் குடிப்பேன். உணவுப் பொட்டலத்தை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குச் சலித்துவிட்டது. சேர்ந்து குடிப்பவன் வேறு ஆள். எழுந்திருக்கும்போது ஒன்று மட்டும் சொல்வேன்: "வியாழக்கிழமை இதே நேரம் வருவேன்." வியாழக்கிழமை காய்ச்சலாக இருந்தாலும் போக வேண்டும். முடியாவிட்டால் வாயைத் திறக்கவே கூடாது. வேலை வாங்கித் தருகிறேன், வீடு பார்த்துத் தருகிறேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் அவர்கள் வாழ்க்கையில் வந்து போனவர்கள்தான். சொன்ன கிழமையில் வந்தவன் குறைவு.

உங்கள் கதையை உடனே அவிழ்க்காதீர்கள். "நானும் இங்கேதான் படுத்தேன்" என்பது பலமான சாவிதான், ஆனால் முதல் நாளே திருகினால் பூட்டு கெட்டுப்போகும். "நீ வந்துவிட்டாய், நான் வரவில்லை, அப்படித்தானே?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டிருக்கிறான். அவனாகக் கேட்கும்போது, கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். எந்தக் கடைவாசலில் கொசு குறைவு, எந்தக் காவலாளி தண்ணீர் ஊற்றி எழுப்புவான் என்று பேச்சுவாக்கில் நீங்கள் சொன்னாலே அவனுக்கு விளங்கிவிடும்.

சொற்களில் கவனம் வேண்டும். 'காப்பகம்' என்று சொல்லாதீர்கள். மாநகராட்சியின் வீடற்றோர் தங்குமிடத்துக்கும் காப்பகம் என்றுதான் பெயர், அவன் சிறுவயதில் அடைபட்டிருந்த குழந்தைகள் காப்பகத்துக்கும் அதே பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் 'படுக்க இடம்' என்பேன். கதவுக்குப் பூட்டு உண்டா, காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், பந்தி முடித்து ஒரு மணிக்கு வந்தால் திறப்பார்களா, பக்கத்தில் யார் படுப்பார்கள் என்ற விவரங்களை நேரில் போய்ப் பார்த்து வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். பொய் சொல்லாதீர்கள். அறுபது வயதுக்காரர் இருமும் ஹாலில் இருபது வயதுப் பையனும் படுக்க வேண்டியிருந்தால், இருக்கிறபடியே சொல்லிவிடுங்கள். ஒரு இரவு பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அதுவும் சரி.

குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்து 18 முடிந்ததும் வெளியே வந்தவன் என்று தெரிந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அவனுக்கு 21 வயது வரை பின்தொடர் பராமரிப்பு, அதாவது காப்பகத்தை விட்டு வந்த பிறகும் தொடரும் உதவி, கேட்கலாம். தனிக் காரணம் இருந்தால் 23 வரை நீட்டிக்கவும் விதி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்துக்கு அழைத்துப்போக வேண்டும். இது தெரியாமலே பலர் அந்த வயதைத் தாண்டிவிடுகிறார்கள். மறுபக்கம், 18 ஆகாத ஒருவன் அகப்பட்டால் நம் வேலை வேறு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பதுதான். எல்லோருமே 18 என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

இனிக் காகிதங்கள். ஆதார் தொலைந்தவர்கள்தான் அதிகம். எண்ணும் நினைவில்லை என்றால், ஆதார் மையத்தில் விரல் ரேகை வைத்துத் தேடலாம். சிறு வயதில் பதிந்து 15 வயதில் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு ரேகை பொருந்தாமல் இழுக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முகவரிக்கு, அங்கீகாரம் பெற்ற தங்குமிடத்தின் பொறுப்பாளர் புகைப்படத்தோடு தரும் சான்றிதழ் செல்லும். கிடைத்த காகிதங்களை அவன் சம்மதத்தோடு நகல் எடுத்து அலுவலகத்தில் வையுங்கள். பிளாட்பாரத்தில் எல்லாமே ஒரே பிளாஸ்டிக் கவரில் தலைக்கு அடியில் இருக்கும், கவர் போனால் ஆளே இல்லாதவன் ஆகிவிடுவான்.

வாக்காளர் அட்டைக்கு வீடு வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது. படிவம் 6இல் எங்கே படுக்கிறானோ அந்த இடத்தை எழுதலாம். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒன்றுக்கு மேற்பட்ட நாள்கள் வந்து, அவன் உண்மையில் அங்கே படுக்கிறானா என்று பார்ப்பார். ஒரு தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தேன். "இந்தக் கடைக்கு எதிரே, மூன்றாவது தூணுக்குப் பக்கம்" என்று தூணை எண்ணி எழுதினேன். அலுவலர் வந்த இரவு வளர்பிறை முகூர்த்தம். தம்பி எங்கோ ஒரு மண்டபத்தில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தான். மூன்றாவது தூணில் படுத்திருந்தது ஒரு நாய். அலுவலராக வந்த அந்த அம்மாவுக்கும் தப்பில்லை, எங்களுக்கும் தப்பில்லை. மறுபடி விண்ணப்பித்தோம். இந்தத் தடவை அவர் வரும் வாரம் தெரிந்துகொண்டு, பந்தி வேலையை விட்டுவிட்டுக் கோயம்பேட்டில் பகல் மூட்டைக்குப் போகச் சொன்னேன்.

வேலை வாங்கித் தருவதில் நான் செய்த பெரிய தவறு மாதச் சம்பளம். நல்ல துணிக்கடை, நல்ல முதலாளி. பையன் பதினோராம் நாள் காணாமல் போனான். சோம்பேறி என்று நினைத்தேன். முப்பது நாள் சாப்பாட்டுக்கு அவனிடம் காசு ஏது என்று நான் யோசிக்கவே இல்லை, அதுவும் நான்! இப்போது எந்த முதலாளியிடம் போனாலும் முதல் பேச்சு, முதல் இரண்டு மாதம் வாரக் கூலி தருவீர்களா என்பதுதான்.

மருத்துவமனையில் ஒரு கேள்விதான் அவர்களை விரட்டும்: "கூட யார் வந்திருக்கிறார்கள்?" அதற்கு "நான்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ஓபி சீட்டு வாங்கும் வரிசையிலிருந்து மருந்து வாங்கும் ஜன்னல் வரை கூடவே இருங்கள். உறவினர் என்று கையெழுத்து மட்டும் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள், காசநோய்க்கு மருந்து இலவசம். மாத்திரையை எங்கே வைப்பது என்பதுதான் தெருவில் பிரச்சினை. எங்கள் பகுதியில் ஒரு டீக்கடைக்காரர் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இரண்டு பேருடைய மாத்திரையை வைத்திருந்து, டீயோடு எடுத்துக் கொடுப்பார்.

மனநிலை சரியில்லாமல் அலைகிறவரை நாமாக வண்டியில் ஏற்றக்கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி காவல் நிலையம் அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும், லாக்கப்பில் வைக்கக்கூடாது. இதைச் சட்டம் பேசுகிற குரலில் சொன்னால் வேலை நடக்காது. நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடம் முன்பே பழகி வைத்திருந்தால் நடக்கும். ரோந்துக்காரர் பிள்ளைகளை எழுப்பி விரட்டும்போதும் அங்கேயே மல்லுக்கு நிற்காதீர்கள். நீங்கள் போன பிறகு அடி அவனுக்குத்தான் விழும். காலையில் போய்ப் பேசுங்கள். சந்தேக வழக்கில் பிடித்துப்போய்விட்டால் இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பெண்பிள்ளைகள் தனியாகக் கண்ணில் படுகிற இடத்தில் படுக்க மாட்டார்கள். குடும்பங்களுக்கு நடுவிலோ ஆஸ்பத்திரி வளாகத்திலோ இருப்பார்கள். ஆண்கள் இரவில் அவர்களிடம் போகவே வேண்டாம். எங்கள் குழுவில் அதற்கு இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்குத் தெரிந்தது அதிகம்.

போன் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், ஆனால் சீட்டை நம்பாதீர்கள். போன் திருடுபோகும், சீட்டு மழையில் கரையும். ஒருவன் என் எண்ணைத் தன் இடுப்பு பெல்ட்டின் உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தான். ஏழு மாதம் ஆளைக் காணவில்லை. வியாழக்கிழமைகளில் அந்த இடத்தில் டீ குடித்துவிட்டு, டீக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வருவேன். பிறகு ஒரு நாள் சேலத்தில் ஏதோ ஒரு கடையிலிருந்து அழைப்பு வந்தது. கடைசி இரண்டு எண்கள் வியர்வையில் அழிந்துவிட்டதால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தானாம். எனக்கு முன்னால் பதினெட்டுப் பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.