பீட்டா டாஸ்க்குக்குத் தனி மெஷின் வையுங்கள்

என் மேசையில் இரண்டு கணினி. ஒன்றில் வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கணக்கு இருக்கிறது. மற்றது பக்கத்து மூடியைக் கழற்றிப் போட்டிருக்கும் பழைய டெஸ்க்டாப். பாய்ங்க்கில் வரும் பீட்டா வேலை, அதாவது இன்னும் சோதனையில் இருக்கும் புரோகிராம்கள், எல்லாம் பழையதில்தான் ஓடும். முன்பு அப்படி இல்லை.

பாய்ங்க் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுக்க உதவும் மென்பொருள் அது, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. அது இறக்கித் தரும் ஒவ்வொரு வேலைத் துண்டும் ஒரு டாஸ்க். புரத வடிவத்தைக் கணிக்கும் ரொசெட்டாவுக்கு ரால்ஃப் என்றும், ஈர்ப்பலைகளைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோமுக்கு ஆல்பர்ட் என்றும் தனிச் சோதனைத் திட்டங்கள் உண்டு. வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற இன்னொரு திட்டத்தில் பீட்டா வேண்டும் என்று நாமே டிக் போட்டால்தான் வரும். புது புரோகிராம் முதலில் ஓடுவது இப்படிச் சம்மதித்தவர்களின் கணினியில். கோளாறு இருந்தால் அங்கேதான் வெடிக்க வேண்டும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

என் கதை இது. ஒரு திட்டத்தின் பீட்டா டாஸ்க்கைக் கணக்கு மெஷினிலேயே இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பேக்கப் எடுத்தால் கோப்பு பூஜ்யம் கேபி. டிஸ்க்கில் இடமே இல்லை. தேடிப் பார்த்தால் பாய்ங்க்கின் ஸ்லாட்ஸ் ஃபோல்டருக்குள் 3 என்ற ஃபோல்டரில் ஒரே ஒரு லாக் ஃபைல் (புரோகிராம் தன் செய்திகளை எழுதிவைக்கும் கோப்பு), 140 ஜிபி. நோட்பேடில் திறக்கவே இல்லை. கடைசி வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தேன். ஒரே பிழைச் செய்தி, திரும்பத் திரும்ப. அந்த டாஸ்க்குக்குத் திட்டக்காரர்கள் வைத்த இட வரம்பு தாராளம். என் பக்க வரம்பையோ, 'இடம் போதவில்லை' என்று அடிக்கடி வந்த எச்சரிக்கை எரிச்சலாக இருந்ததால், நானே தளர்த்தி வைத்திருந்தேன். யாரைக் குறை சொல்ல?

ஆகவே முதல் வேலை, செட்டிங்ஸில் டிஸ்க் பகுதிக்குப் போய் பாய்ங்க்குக்கு மொத்தம் 20 ஜிபி போல ஒரு உச்சவரம்பு போடுங்கள். மெய்நிகர் இயந்திரமாக, அதாவது கணினிக்குள் ஒரு தனிக் கணினி போல, ஓடும் டாஸ்க் என்றால் இது போதாது, ஏற்றிக்கொள்ளலாம். வரம்பே இல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

அடுத்து, கையிருப்பு. எத்தனை நாள் வேலையைச் சேர்த்து வைக்க என்று கேட்கும் இடத்தில் 0.1 போடுங்கள். பீட்டா பதிப்பைத் திடீரென்று திரும்பப் பெறுவார்கள். பத்து நாள் வேலையை இறக்கி வைத்திருந்தால் அத்தனையும் குப்பை. பீட்டா என்று இல்லை, 2006இல் பிபிசியோடு சேர்ந்து நடந்த பருவநிலைச் சோதனையிலேயே ஒரு உள்ளீட்டுக் கோப்பில் பிழை என்று தெரிந்து, எல்லோரும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று. முடித்த வேலைக்குக் கிடைக்கும் கிரெடிட்டும் அப்படித்தான், சோதனைத் திட்டத்துப் புள்ளிகளை ஒருநாள் துடைத்துவிடலாம். அதற்காக வருத்தப்படுகிறவர் பீட்டா பக்கம் வர வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு டாஸ்க் வந்தால் முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள். திரை உறைவதும் டிரைவர் விழுவதும் சகஜம். லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம். கரண்ட் கணக்கும் போட்டுப் பாருங்கள். 150 வாட் இழுக்கும் மெஷின் நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 216 யூனிட். தோற்றுப்போன டாஸ்க்குக்கும் மீட்டர் ஓடும்.

அலுவலகக் கணினியில் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி, அனுமதி வாங்காமல் அங்கிருந்த கணினிகளில் இப்படி ஒரு மென்பொருளைப் போட்டதற்காக வழக்கைச் சந்தித்து, 2002இல் நன்னடத்தைக் கண்காணிப்பு, அபராதப் பணம், சமூகப் பணி என்று முடித்துக்கொண்டார். அது பீட்டாகூட இல்லை.

கணக்குத் தொடங்கும்போது வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு கொடுங்கள்.

ஓடத் தொடங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். டாஸ்க் பாதியில் இருக்கும்போது அது கடைசியாக எப்போது செக்பாயிண்ட் (அதுவரை செய்த வேலையின் சேமிப்பு) எழுதியது என்று ப்ராப்பர்ட்டீஸில் பார்த்துவிட்டு, பாய்ங்க்கை மூடித் திறங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் சரி. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால், கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அந்த டாஸ்க் என்றைக்கும் முடியாது. இதைச் சொல்வதுதான் திட்டக்காரர்களுக்கு நாம் செய்யும் பெரிய உதவி. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். டாஸ்க்கின் முழுப் பெயர், இயங்குதளப் பதிப்பு, டிரைவர் எண், எக்ஸிட் கோட் (டாஸ்க் நின்றபோது காட்டும் எண்), லாக்கின் கடைசி இருபது வரி, இவ்வளவு போதும். ஒட்டுவதற்கு முன் அந்த வரிகளை ஒருமுறை படியுங்கள். நான் முதலில் அனுப்பியதில் ஃபோல்டர் பாதையோடு என் முழுப் பெயரும் போய்விட்டது.