பாடகர் நடுவில் வந்து நின்றார்

கோபியில் எங்கள் வீட்டு முன்னறை 12 அடிக்கு 10 அடி. டைல்ஸ் தரை, வெறும் சுவர். ஆசையாக வாங்கிய ஸ்பீக்கர்கள் முதல் வாரமே மனதை வருத்தின. தவில் இடப்பக்கம் மட்டும் குமுறியது, குரல் எங்கோ சிதறிக் கிடந்தது. "பாடறவரு எங்க நிக்கறாருன்னே தெரியலையே கண்ணு" என்றார் அப்பா. அதுதான் சரியான துப்பு.

முதலில் ஒயர். ஆம்ப்ளிஃபையர் பக்கம் கழற்றி, ஒயர் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டேன். பிளஸ் சிவப்பில் பட்டால் ஊஃபரின் (அடி ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) கூம்பு வெளியே வர வேண்டும். வலது ஸ்பீக்கரில் உள்ளே போனது. சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் பாஸ், அதாவது அடி ஒலி, கரைந்துவிடும், குரலும் நடுவில் நிற்காது.

மாற்றியதும் குரல் நடுவுக்கு வந்தது. ஆனால் குமுறல் போகவில்லை. இடது ஸ்பீக்கர் மூலையில் இருந்தது. இரண்டு சுவர்களும் சேர்ந்து பாஸைப் பெருக்கின. ஸ்பீக்கர் இரண்டையும் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தேன், மேல் ஒலி தரும் ட்வீட்டர் காது உயரத்தில்.

அப்புறம் என் நாற்காலி. பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்தேன். 12 அடி நீளத்தில் சுமார் 47 ஹெர்ட்ஸ் என்ற ஆழமான பாஸ் ஒலி தேங்கி நிற்கும், அதுவும் சுவரோரம்தான் மிக அதிகம். மூன்றடி முன்னால் வந்தேன்.

காதைக் கூசிய மேல் ஒலிக்குத் தரையில் பவானி ஜமுக்காளம் விரித்தேன். பாஸ் இதற்கெல்லாம் அடங்காது. பாஸையும் மேல் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடவே இல்லை.

சாயங்காலம் அப்பா வந்து உட்கார்ந்தார். "இப்ப எனக்கு நேரா நிக்கறாரு சாமி" என்றார்.