பல்லவியில் வைத்தால்தான் வீட்டுக்குப் போகும்: தொடக்கப் பள்ளியில் பாட்டு நாடகம் போடுவது எப்படி

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டோடு நாடகம் போட நினைக்கும் தம்பி தங்கைகள் எங்கள் குழுவிடம் முதலில் கேட்பது, கதையை எப்படி எழுதுவது என்றுதான். பல்லவியை எழுதிக்கொண்டு வாருங்கள், கதையை அப்புறம் பார்க்கலாம் என்பேன். எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்க நாட்களில் ஊர் ஊராகப் பாடிய ஓர் அக்காவிடம் நான் படித்த முதல் பாடம் அது. நாற்பது நிமிஷம் ஆடிப் பாடினாலும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவது இரண்டு வரிதான். வசனத்தில் சொன்னது மணி அடித்ததும் போய்விடும். சரணத்தில் வைத்ததும் பாதிக்கு மேல் தங்காது. சொல்ல வந்த செய்தி பல்லவியில் இருக்க வேண்டும், அதைப் பிள்ளைகளே வாய்விட்டுப் பாட வேண்டும்.

எங்கள் டெங்கு நாடகத்தை வைத்தே சொல்கிறேன். டெங்கு என்றால் பத்து செய்தி இருக்கிறது. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், காலில் வெள்ளை வரி இருக்கும், நல்ல தண்ணீரில் வளரும், பெண் கொசுதான் கடிக்கும் என்று போய்க்கொண்டே இருக்கலாம். 'தண்ணீர் தேங்க விடாதே' என்பது சுவரிலெல்லாம் எழுதியிருக்கிறது, பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவர்களுக்குத் தெரியாதது வேறு. அந்தக் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். அதனால் வாரம் ஒரு முறை உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். நாடகம் முழுக்க இந்த ஒன்றுக்காகத்தான்.

பல்லவி இப்படி வந்தது:

தண்ணி போச்சு, தொட்டி காஞ்சுது, முட்டை போகலே!
தேய்ச்சுக் கழுவு, தேய்ச்சுக் கழுவு, வெள்ளி தோறுமே!

இதில் 'வாரம் ஒரு முறை' என்று எழுதாமல் கிழமையைச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். வாரம் ஒரு முறை என்றால் எந்த நாளும் செய்யத் தோன்றாது. வெள்ளி என்றால் வியாழக்கிழமை ராத்திரியே அம்மாவிடம் நினைவுபடுத்தும் பிள்ளைகள் உண்டு.

மெட்டு போடும்போது நம் குரலை மறந்துவிடுங்கள். மந்தர ஸ்தாயிக்கு, அதாவது ரொம்பக் கீழே, இறங்கினால் பிள்ளைகளுக்கு வாய் மட்டும் அசையும், மேல் ஸ்தாயிக்கு ஏறினால் பாட்டு கத்தலாகிவிடும். நாங்கள் நாலு கட்டைச் சுருதியில், ஷட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்குள்ளேயே, அதாவது ஸ-விலிருந்து ப-வுக்குள்ளேயே, பல்லவியை முடித்துவிடுவோம். ஆண் குரல் முன்னால் பாடுகிறதென்றால் அவர் தன் வசதிக்குத் தாழ்வாக ஒரு கட்டைச் சுருதியில் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'தேய்ச்சுக் கழுவு' வரும்போது கை வட்டமாகச் சுற்றும். பாட்டை மறந்த பிள்ளைக்குக் கூட கை மறக்காது, கை சுற்றினால் வார்த்தை தானாக வரும்.

டெங்கு காலம் என்பது நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். அதில் பறையைத் தூக்கிக்கொண்டு போனால் தோல் ஈரத்தில் தொய்ந்துபோகும். தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும், பள்ளி வளாகத்தில் அதற்கு முன்னாலேயே அனுமதி கேட்க வேண்டும். ஃபைபர் பறைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் மழை வந்து வகுப்பறைக்குள் போனால் எந்தப் பறையும் காதைப் பிளக்கும். நாங்கள் அங்கே பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு விரலால் தட்டுவோம். அடி நல்ல கும்மென்று கேட்கும், ஓரம் டக் டக் என்று பேசும். பாட்டு முடிந்ததும் அதே குடம் கதைக்குள் தண்ணீர்க் குடமாகிவிடும்.

நேரம் காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் இருக்கட்டும். 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்குப் பிறகு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அந்த நேரத்துப் பிள்ளைகள் தெம்பாக உட்காருகிறார்கள். பன்னிரண்டுக்கு மேல் சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் மணம் வந்தால் எந்தக் கலைஞராலும் அவர்களை இழுத்துப் பிடிக்க முடியாது. வெட்டவெளியில் ஆடினால் வெயில் நம் முகத்தில் அடிக்கட்டும், பிள்ளைகளுக்கு முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு முன்னால், ஐந்தாம் வகுப்பு பின்னால். ஆசிரியர்களைப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். டீச்சர் பாடினால் வகுப்பே பாடும், டீச்சர் கம்போடு சுற்றிவந்தால் வாய் திறக்காது.

வேஷம் கட்டுவதில் ஒரு விஷயம் மிக முக்கியம். கொசு வேஷக்காரர் மறைவிலிருந்து திடீரென்று குதிக்கக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் பக்கத்துப் பிள்ளையும் அழும். எங்கள் குழுவில் கொசுவாக வருபவர் சாதாரண உடையில் வந்து, பேர் சொல்லி, பிள்ளைகள் கண் முன்னாலேயே கறுப்புக் காலுறையைப் போட்டுக்கொண்டு அதன்மேல் வெள்ளைத் துணிக் கீற்றைக் கட்டுவார். முதல் கீற்றை அவர் கட்டுவார், இரண்டாவதைக் கட்ட ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார். "ஏன் வெள்ளை வரி?" என்று யாராவது கேட்பார்கள். ஏடிஸ் கொசுவை அடையாளம் காட்டும் பாடம் அங்கேயே முடிந்துவிடும், அதற்கு ஒரு வரி வசனம் கூட வேண்டாம்.

கொசுதான் எல்லாருக்கும் பிடித்துப்போகும், அதைத் தடுக்க முடியாது. அதற்கு நல்ல பாட்டே கொடுங்கள். ஆனால் அதை வீழ்த்தும் சக்தி பிள்ளைகளின் கையில் இருக்கட்டும். எங்கள் நாடகத்தில் அவர்கள் பாடிக்கொண்டே கையைச் சுற்றினால் கொசு அப்படியே உறைந்து நிற்கும், நிறுத்தினால் மறுபடி பறக்கும். அடிப்பது போன்ற சைகை வைக்காதீர்கள். முன்வரிசை எழுந்து வந்து உண்மையாகவே அடிக்கும்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிஞ்சுதுக்கா" என்று கூட்டமாக ஒரு பதில் வரும், அதிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் நாடகத்தில் வரும் தாத்தா, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியை வெயிலில் காயவைத்து, "வேலை முடிஞ்சுது" என்று துண்டை உதறித் தோளில் போடட்டும். அப்புறம் நாம் பேசாமல் நிற்க வேண்டும். மூன்று நான்கு நொடி அமைதி வரும், பயந்து வசனத்தைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "தாத்தா, முட்டை போகலே!" என்று வரும். உடனே குடத்தைத் தட்டிப் பல்லவியை எடுங்கள். அந்தப் பள்ளியில் பாட்டு ஒட்டிக்கொள்வது அந்த நிமிஷத்தில்தான்.

ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பே போய், தலைமை ஆசிரியரோடு பள்ளியின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிடுங்கள். நாடகம் நடுவில் "அக்கா, எங்க ஸ்கூல் தொட்டி?" என்று யாராவது கேட்பது உறுதி. ஆசிரியர்கள் முன்னதாகத் தயாராக இருந்தால் அந்தக் கேள்வி நல்லதாக முடியும். கொசுப்புழு கிடைத்தால் மூடி இறுகிய கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். நாடகம் முடிந்ததும் வரிசையாக வந்து பார்க்கட்டும். நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு விடுவதை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டாம். பிறகு எல்லாரோடும் போய்க் காய்ந்த மண்ணில் வெயில் படும் இடத்தில் ஊற்றிவிடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

கிளம்பும் முன் பல்லவியைக் கரும்பலகையில் எழுதி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பாடச் சொல்லி ஐந்தாம் வகுப்பிடம் ஒப்படையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஆசிரியருக்குப் போன் போட்டு, பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். நிச்சயம் வார்த்தை மாறியிருக்கும். திருத்தாதீர்கள், ஏன் மாறியது என்று கேளுங்கள். ஓர் ஊரில் 'வெள்ளி தோறுமே' என்பது 'ஞாயிறு தோறுமே' ஆகியிருந்தது. அந்த ஊரில் குழாயில் தண்ணீர் வருவது ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குத்தான் தொட்டி அடி தெரியும், தேய்க்க முடியும். இப்போதெல்லாம் பள்ளிக்குள் நுழைந்ததும் சத்துணவு அம்மாவிடம் நாங்கள் கேட்பது, இங்கே தண்ணீர் என்றைக்கு வரும் என்றுதான். அந்தக் கிழமையைப் போட்டுத்தான் அங்கே பாடுகிறோம்.