ஃபயர் ஸ்டிக்கில் இலவச விபிஎன்: எதை நம்பலாம், எப்படிப் போடுவது

டிவியில் சொருகும் அமேசான் ஃபயர் ஸ்டிக்கில் விபிஎன் போடுவது பத்து நிமிட வேலை. எதைப் போடுவது என்று முடிவெடுப்பதற்குத்தான் யோசனை வேண்டும். மதுரையில் பழங்காநத்தம், ஜெய்ஹிந்துபுரம், டி.வி.எஸ். நகர் பக்கம் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். "நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு தம்பி" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் லைனில் குறை எதுவும் இருக்காது. சொந்தக்காரப் பையன் யாராவது போட்டுவிட்டுப் போன இலவச விபிஎன் ஒன்று ஸ்டிக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அது என்ன, யாருடையது, எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கவலை தருவது அந்தக் கடைசி விஷயம்தான்.

விபிஎன் என்ன செய்கிறது என்பதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வரவேண்டிய கடிதங்களை எல்லாம் வெளியூரில் இருக்கும் ஒருவர் வீட்டு முகவரிக்கு வரவழைத்து, அங்கிருந்து பூட்டிய பையில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது மாதிரி. வழியில் இருக்கும் எங்களைப் போன்ற நெட்காரர்களுக்குப் பூட்டிய பை மட்டும்தான் தெரியும். அனுப்புகிறவருக்கு உங்கள் மதுரை முகவரி தெரியாது. ஆனால் அந்த வெளியூர்க்காரருக்கு யாரிடமிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் தெரியும். அவர் எப்படிப்பட்டவர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

விபிஎன் இல்லாவிட்டால் எங்களுக்கு என்ன தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். நிறைய பேருக்கு இதில் வீண் பயம் இருக்கிறது. இன்றைக்குப் பெரும்பாலான தளங்களும் ஆப்களும் மறையாக்கம் செய்துதான், அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் பேசுகின்றன. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை லைன் கொடுப்பவர் பார்க்க வழி உண்டு. அங்கே என்ன படம் பார்த்தீர்கள், என்ன கடவுச்சொல் போட்டீர்கள் என்பது தெரியாது. மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஒரு அக்கா கேட்டார்: "வீட்டுக்காரர் வைஃபைதான் எனக்கும். நான் என்ன பாக்குறேன்னு அவருக்குத் தெரியுமா?" "படம் தெரியாதுக்கா. ஆனா எந்த ஆப்புன்னு பாக்கணும்னு நெனச்சா பாக்கலாம்" என்றேன். அவரைப் போன்றவர்களுக்கும், ஹாஸ்டலிலும் மேன்ஷனிலும் பொது வைஃபையில் ஸ்டிக்கை மாட்டுகிறவர்களுக்கும் நல்ல இலவச விபிஎன் ஒன்று நிச்சயம் உதவும்.

அடுத்து, சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பல வருஷம் இருந்துவிட்டு மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஊர் திரும்பியவர்கள். அங்கே பார்த்துப் பழகிய, சிங்கப்பூரின் வசந்தம் மாதிரி தமிழ்ச் சேனல் நிகழ்ச்சிகள் இங்கேயும் வேண்டும் என்பார்கள். இவர்களுக்கு இலவசம் பெரும்பாலும் கைகொடுக்காது. உதாரணமாக, ப்ரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டத்தில் நாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த நாடு என்று ஆப்பே முடிவு செய்யும். உங்களுக்குச் சிங்கப்பூர் வேண்டும், அது நெதர்லாந்தைக் கொடுக்கும். இன்னொரு விஷயம், ஸ்டிக்கில் எந்த ஆப் கிடைக்கும் என்பது அமேசான் கணக்கில் இருக்கும் நாட்டையும் பொறுத்தது. விபிஎன் போட்டதால் கணக்கின் நாடு மாறிவிடாது.

இதற்கு நேர் எதிரானது, ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ போன மகன், மகளுக்கு இங்கிருந்து ஸ்டிக் கொடுத்தனுப்பி, இந்திய சேனல் வர வேண்டும் என்பது. இதிலும் இலவசத்தை நம்ப வேண்டாம். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) விவரங்களை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றது. அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்ட், சர்ஃப்ஷார்க், ப்ரோட்டான் போன்றவை இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இப்போது இந்திய ஐபியை வெளிநாட்டுச் சர்வரிலிருந்து கொடுக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் காசு கட்டுகிறவர்களுக்குத்தான். விபிஎன் பயன்படுத்துவது நம் நாட்டில் பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் படம் காட்டுகிற நிறுவனங்களின் விதிமுறை வேறு. விபிஎன் என்று கண்டுபிடித்தால் பல ஆப்கள் படத்தை நிறுத்திவிடும். நெட்ஃப்ளிக்ஸ் உலகம் முழுக்க உரிமை உள்ள படங்களை மட்டும் காட்டும். எந்த நிறுவனத்தின் விதியை மீறுகிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எதை நம்பலாம்

சர்வருக்கு வாடகை உண்டு, டேட்டா போக்குவரத்துக்குக் காசு உண்டு. அதை யார் கட்டுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். காசு கட்டும் வாடிக்கையாளர்கள் இருக்கும் நிறுவனம், கொஞ்சத்தை இலவசமாகக் கொடுத்து ஆள் சேர்க்கிறது என்றால் புரிகிறது. கட்டணத் திட்டமே இல்லாமல், எல்லா நாடும் இலவசம், அளவும் இல்லை என்றால் விற்கப்படுவது நீங்கள்தான்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 2015-இல் ஹோலா என்ற இலவச விபிஎன், அதைப் பயன்படுத்தியவர்களின் இணைப்பையே வேறு ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது வெளியே வந்தது. 2016-இல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீம்பொருளின் (வைரஸ் மாதிரியான கெட்ட மென்பொருள்) அடையாளம் இருந்தது, 18 சதவீதம் மறையாக்கமே செய்யவில்லை. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற இலவச ஆப்கள் வழியாக அதில் சிக்கிய ஐபி முகவரிகள் 1 கோடியே 90 லட்சம். அந்த வீடுகளின் இணைப்பு வழியாக வேறு யாரோ மோசடி செய்தார்கள்.

என் தொழிலில் இருப்பவனுக்கு இது ஏன் வலிக்கிறது என்றால், இணையத்தில் ஒரு குற்றம் நடந்தால் புகார் ஐபி முகவரியை வைத்துத்தான் வரும். அந்த ஐபி யார் பெயரில் இருந்தது என்று எங்களிடம் கேட்பார்கள். அப்போது அகப்படுவது அந்த ஆப் கம்பெனியின் பெயர் அல்ல, இணைப்பை வாங்கிய குடும்பத் தலைவரின் பெயர். பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் சைபர் கிரைம் போலீஸ் வந்து நின்றால் அவர் என்ன பதில் சொல்வார்?

நான் கைகாட்டுவது இரண்டைத்தான். ஒன்று ப்ரோட்டான். ஸ்விட்சர்லாந்து நிறுவனம், இலவசத்தில் டேட்டா அளவு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஒரு நேரத்தில் ஒரே கருவி. போனில் இணைத்திருந்தால் டிவியில் இணையாது, அதை மறந்துவிட்டு எனக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. இன்னொன்று விண்ட்ஸ்கிரைப். மின்னஞ்சலை உறுதி செய்தால் மாதம் 10 ஜிபி. நாட்டைப் பட்டியலிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஹைட் மீ, பிரிவாடோ என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். அரசு உத்தரவின் பேரில் இவை இந்திய ஆப் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டதாக 2025 ஜனவரியில் செய்தி வந்தது. கடையில் இல்லை என்பதற்காக டெலிகிராமில் ஏபிகே (கடைக்கு வெளியே கிடைக்கும் ஆப் கோப்பு) தேடாதீர்கள்.

10 ஜிபி என்பது எவ்வளவு? எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. ஆக ஒரு முழு நீளத் தமிழ்ப் படத்தோடு மாதக் கணக்கு ஏறக்குறைய முடிந்தது. சாதாரண எஸ்டி தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, அப்படி வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

போடும் முறை

சாம்சங், எல்ஜி ஸ்மார்ட் டிவிகளின் கடையில் விபிஎன் ஆப் பெரும்பாலும் இருக்காது. ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்றால் பிளே ஸ்டோரில் கிடைக்கும். ஆப்பிள் டிவியில் 2023-இல் வந்த டிவிஓஎஸ் 17-இலிருந்து போடலாம். நம் ஊரில் அதிகம் இருப்பது ஃபயர் ஸ்டிக், அதனால் அதையே சொல்கிறேன். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அமேசானின் வேகா ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் பழைய ஸ்டிக்குகள் மாதிரி ஆண்ட்ராய்டு அடிப்படையில் வருவதல்ல. உங்களுக்கு வேண்டிய விபிஎன் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் போனிலோ கம்ப்யூட்டரிலோ அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய்க் கணக்கு தொடங்குங்கள். இலவசத் திட்டம் டிவி ஆப்பிலும் வேலை செய்யுமா என்று அங்கேயே பாருங்கள். சில நிறுவனங்கள் டிவியைக் கட்டணக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கின்றன. கார்டு எண் கேட்டால் அது இலவசத் திட்டம் இல்லை, சோதனைக் காலம். மறந்தால் காசு போகும்.

அப்புறம் ஸ்டிக்கில் பூதக்கண்ணாடி குறியை அழுத்தி, ஆப்பின் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து வரும். பெயருக்குக் கீழே வெளியிட்டவர் யார் என்று இருக்கும், அதைப் படித்துவிட்டு டவுன்லோட் கொடுங்கள். திறந்தால் உள்நுழையச் சொல்லும். ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகக் கடவுச்சொல் அடித்துச் சிரமப்பட வேண்டாம். பல ஆப்களில் டிவி திரையில் ஒரு குறியீடு வரும், அதைப் போனில் போட்டால் டிவி தானே உள்ளே போய்விடும்.

கனெக்ட் அழுத்தியதும் 'கனெக்ஷன் ரிக்வெஸ்ட்' என்று ஒரு பெட்டி வரும். இந்த ஆப் உங்கள் போக்குவரத்தைப் பார்க்க விடலாமா என்று கேட்கும். முழு வீட்டின் சாவியைக் கேட்கும் இடம் அதுதான். ஒரு நொடி நின்று, எந்த ஆப்புக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்து ஓகே கொடுங்கள்.

கடைக்கு வெளியிலிருந்து ஆப் போட வழிவிடும் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்பதை எந்த வீடியோ சொன்னாலும் திறக்காதீர்கள். ஏற்கனவே திறந்திருந்தால் செட்டிங்ஸ், மை ஃபயர் டிவி, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய் அணைத்துவிடுங்கள்.

வேலை செய்கிறதா?

'கனெக்டட்' என்று பச்சையாகக் காட்டுவதை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டிக்கில் இருக்கும் சில்க் பிரவுசரைத் திறந்து, விபிஎன் போடுவதற்கு முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை ஐபிலீக் டாட் நெட் தளத்துக்குப் போங்கள். முன்பு உங்கள் நெட் கம்பெனியின் பெயர் இருக்கும். ஊர் மதுரை என்று வராமல் சென்னை, பெங்களூரு என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது சகஜம். போட்ட பின் நாடு மாறியிருக்க வேண்டும். மேலே இருக்கும் ஐபிவி4 (பழைய வகை ஐபி முகவரி) வரிசையோடு நிறுத்திவிடாமல், ஐபிவி6 (புதிய வகை) வரிசையையும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) வரிசையையும் பாருங்கள். அங்கே இன்னும் உங்கள் நெட் கம்பெனி பெயரே இருந்தால், விபிஎன்னுக்கு வெளியே உங்கள் விவரம் ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த 283 ஆப் ஆய்வில் 84 சதவீதம் ஐபிவி6-ஐ ஒழுகவிட்டன. நம் ஊர் இணைப்புகளில் இப்போது ஐபிவி6 நிறையவே ஓடுகிறது, அதனால் இது முக்கியம். ஒழுகும் ஆப்பை எடுத்துவிடுங்கள்.

படம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆப்பின் செட்டிங்ஸில் புரோட்டோகால் (இணைக்கும் முறை) என்று இருக்கும் இடத்தில் வயர்கார்டு தேர்ந்தெடுங்கள். ஸ்டிக்கின் சின்ன பிராசஸருக்கு ஓபன்விபிஎன் என்ற பழைய முறையைவிட அது இலகு. நாட்டைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பக்கத்து நாட்டை எடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடிக் கடலடி கேபிள் 2002-இலிருந்தே இருக்கிறது, ஐரோப்பாவும் அமெரிக்காவும் தூரம். இலவசச் சர்வரில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூட்டம் அதிகம், அதற்கு உங்கள் பிளானை ஏற்றிப் பயனில்லை. நான் வந்து லைனை மாற்றினாலும் சரியாகாது.

போனில் விபிஎன் போட்டு ஹாட்ஸ்பாட் கொடுத்தால் டிவிக்கும் வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் போக்குவரத்து விபிஎன்னுக்குள் போகாது. வீட்டில் நாங்கள் மாட்டும் வைஃபை பெட்டியிலும் இதற்கான வசதி பெரும்பாலும் இல்லை. ஸ்டிக்கிலேயே போடுவதுதான் வழி.

வேலை முடிந்ததும் டிஸ்கனெக்ட் கொடுங்கள். 'ஆட்டோ கனெக்ட்' இருந்தால் அணையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அம்மா சீரியல் பார்க்க உட்காரும்போது ஆப் திறக்காது, காரணமும் தெரியாது. வேண்டாம் என்று முடிவு செய்தால் செட்டிங்ஸ், அப்ளிகேஷன்ஸ், மேனேஜ் இன்ஸ்டால்டு அப்ளிகேஷன்ஸ் போய், முதலில் ஃபோர்ஸ் ஸ்டாப், பிறகு கிளியர் டேட்டா, கடைசியாக அன்இன்ஸ்டால். எங்கிருந்து வந்தது என்று தெரியாத விபிஎன் ஸ்டிக்கில் இருந்ததென்றால், அதோடு நிற்காமல் மை ஃபயர் டிவியில் 'ரீசெட் டு ஃபேக்டரி டிஃபால்ட்ஸ்' கொடுத்து, அமேசான் கடவுச்சொல்லையும் போனிலிருந்து மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கில்தான் உங்கள் கார்டு இருக்கிறது.