கான்செர்டினா வாங்கப் போகிறீர்களா?

கான்செர்டினா என்பது இரு கைகளாலும் துருத்தியைத் தள்ளி இழுத்து, பட்டன்களை அழுத்தி வாசிக்கும் சிறிய இசைக்கருவி. அதில் இரண்டு வகைதான் அதிகம் கண்ணில் படும். ஆங்கிலோ வகையில் ஒரே பட்டனை அழுத்தித் துருத்தியை உள்ளே தள்ளினால் ஒரு சுரம், வெளியே இழுத்தால் வேறு சுரம். மௌத் ஆர்கன் ஊதியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இங்கிலீஷ் வகையில் தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே சுரம்தான். ஆனால் சுர வரிசை இடது கைக்கும் வலது கைக்கும் மாறி மாறிப் போகும்.

அயர்லாந்து நாட்டுப்புற மெட்டுகளில்தான் ஆசை என்றால் 30 பட்டன் சி/ஜி ஆங்கிலோவே (சி மேஜர், ஜி மேஜர் ஸ்கேல்களுக்கு அமைந்தது) வாங்குங்கள். விலை குறைவு என்று 20 பட்டனுக்குப் போய்விடாதீர்கள். அந்த மெட்டுகளில் ஏராளமானவை டி மேஜர் ஸ்கேலில் இருக்கும். அதற்கு வேண்டிய சி ஷார்ப் என்ற சுரம் 20 பட்டன் சி/ஜி கருவியில் கிடையாது.

பழைய கருவியா? எந்தப் பட்டனையும் தொடாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். (கீழே ஒரு கை தயாராக இருக்கட்டும்!) மெல்ல இறங்கினால் சரி. பொத்தென்று இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. அப்புறம் ஒவ்வொரு பட்டனையும் தள்ளியும் இழுத்தும் கேளுங்கள்.

வாசித்து முடித்ததும் துருத்தியை வெறுமனே அமுக்கி மூடாதீர்கள். ஆங்கிலோவில் வலது கட்டைவிரல் பக்கம், சத்தம் வராமல் காற்றை வெளியே விடும் காற்றுப் பட்டன் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டே மூடுங்கள்.