சென்சிடிவ் ஸ்கின்: முதலில் எதை நிறுத்துவது, பிறகு எதைச் சேர்ப்பது

புதுக் கிரீம் பூசியதும் முகம் காந்துகிறது. அதைத் தணிக்க வேறொரு கிரீம் வாங்குகிறோம். அதுவும் அரிக்கிறது. சரி, இந்த சீரத்தையாவது போட்டுப் பார்ப்போம் என்று மூன்றாவது வருகிறது. எதைப் பூசினாலும் எரிகிறது என்று சொல்பவர்களில் பலரும் இந்தச் சுழலில்தான் சிக்கியிருப்பார்கள். இதிலிருந்து வெளியே வரும் வழி ஒன்று உண்டு: முதலில் தோலுக்குச் சில வாரங்கள் ஓய்வு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. பொறுமை வேண்டும், ஆனால் பெரிய செலவு இல்லை.

ஏன் எரிகிறது?

முகத்தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுகூடத் தேறாது. அதில் இறந்த செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து போல அவற்றைப் பிணைத்திருக்கின்றன. இந்தச் சாந்து கரைந்தால் இரண்டு விஷயங்கள் நடக்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும். வெளியே இருக்கும் வேதிப்பொருள்கள் எளிதாக உள்ளே இறங்கி நரம்பு முனைகளைத் தொடும். சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணரும் ஒரே வகை ஏற்பிகள் அந்த நரம்பு முனைகளில் உள்ளன. அவை சீக்கிரம் தூண்டப்படுவதும் சுரீரென்ற எரிச்சலுக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

எரிச்சல் இருக்கும், ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. "பார்த்தா நல்லாதானே இருக்கு" என்று மற்றவர்கள் சொல்லும்போது நமக்கே சந்தேகம் வந்துவிடும். சந்தேகமே வேண்டாம். 1977-இல் ஃபிராஷ், கிளிக்மன் என்ற ஆய்வாளர்கள் லாக்டிக் அமிலத்தைக் கன்னத்தில் பூசி எரிச்சலை அளக்கும் சோதனையை வெளியிட்டார்கள். தோலில் எந்த மாற்றமும் தெரியாமலேயே சிலருக்கு மட்டும் கடுமையாக எரியும் என்பது அப்போதிருந்தே தெரிந்த விஷயம். 2017-இல் வெளியான சர்வதேச நிபுணர்களின் வரையறையும், சிவத்தல் இல்லாமலும் சென்சிடிவ் ஸ்கின் இருக்கலாம் என்றே சொல்கிறது.

படி 1: எரிச்சலா, அலர்ஜியா, நோயா?

பூசிய சில நிமிடங்களில் பூசிய இடத்தில் மட்டும் எரிந்து, கழுவியதும் அடங்கினால் பெரும்பாலும் எரிச்சல்தான். அலர்ஜி பெரும்பாலும் அப்படி வராது. ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு, சின்னச் சின்னப் பருக்கள், நீர்க்கொப்புளம் என்று கிளம்பும், பூசாத இடத்துக்கும் பரவலாம். பல வருடம் ஒத்துப்போன பொருளுக்கே ஒருநாள் அலர்ஜி தொடங்கலாம். அதனால் "இதை ரொம்ப நாளாப் போடுறேனே" என்று எதையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

ரோசேசியா, எக்ஸிமா போன்ற தோல் நோய்களும் இதே போல எரியும். படங்களில் எல்லாம் செக்கச் சிவந்த முகத்தைத்தான் காட்டுகிறார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், கன்னம் சூடாக இருக்கிறதா? அந்த இடம் பழுப்பாகவோ ஊதா கலந்தோ கருத்திருக்கிறதா? தடவினால் சொரசொரக்கிறதா? இவைதான் அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. நிறம் வெளுப்பதற்கான கிரீமை மாதக்கணக்கில் பூசி, நிறுத்தியதும் முகம் தீயாக எரிந்தால், அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். அப்படியானால் கீழே உள்ள படிகளை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். அந்தக் கிரீமையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.

படி 2: எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

ஸ்க்ரப், டோனர், சீரம், ஃபேஸ் மாஸ்க், ரெட்டினால், வைட்டமின் சி, தோலை உரிக்கும் அமிலங்கள் எல்லாவற்றையும் நான்கு வாரங்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். இந்த நாட்களில் மென்மையான கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் ஆகிய மூன்று மட்டும் போதும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஏதாவது பூசுகிறீர்கள் என்றால், அதை அவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

சமையலறைப் பொருள்களுக்கும் இதே தடை. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அதை அளக்கும் பி.எச். எண் சுமார் 5 (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். சமையல் சோடா 8-ஐத் தாண்டும். இரண்டும் இந்தத் தோலுக்குத் தண்டனைதான். எலுமிச்சை பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளித்துக் கருத்துப்போகவும் கூடும்.

முதல் வாரத்தில் "ஒன்றுமே செய்யாமல் இருக்கிறோமே" என்று கை பரபரக்கும். விட்டுவிடுங்கள், இந்தப் படிதான் பாதி வேலையைச் செய்கிறது.

படி 3: கழுவும் முறை

சாதாரண சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை, அதனால் அது வேண்டாம். நுரை அதிகம் வராத, வாசனை சேர்க்காத கிளென்சர் போதும். இரவில் ஒருமுறை அதைப் பயன்படுத்துங்கள். காலையில் வெறும் தண்ணீர். சுடுதண்ணீர் கூடாது, வெதுவெதுப்பு போதும். விரல் நுனியால் அரை நிமிடம் தடவிக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கழுவிய பிறகு முகம் விறைத்து இழுத்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கிளென்சர் உங்களுக்குக் கடுமையாக இருக்கிறது.

படி 4: மாய்ஸ்சரைசர், அதன் லேபிள்

முகம் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூசிவிடுங்கள். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும், செராமைடு போன சாந்தை நிரப்ப உதவும், பெட்ரோலியம் ஜெல்லி மேலே மூடி போட்டு ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். மிகவும் வறண்ட இடங்களில் இரவில் மாய்ஸ்சரைசருக்கு மேல் ஜெல்லியை மெல்லிசாகத் தடவலாம்.

வாங்கும்போது முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லை யாரும் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்க அரசு 1975-இல் அதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. 1977-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே இந்தச் சொல்லுக்கு அரசு வகுத்த அளவுகோல் எதுவும் கிடையாது. 'அன்சென்டட்' என்றிருந்தாலும் வாசனையை மறைப்பதற்கென்றே ஒரு வாசனைப் பொருள் உள்ளே இருக்கலாம். நீங்கள் தேட வேண்டியது 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ'. பின்பக்கப் பட்டியலில் 'ஃபிராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' என்ற சொல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

'இயற்கையானது' என்பதை நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. லாவெண்டர், டீ ட்ரீ போன்ற எண்ணெய்களும் வாசனைப் பொருள்களே. லாவெண்டரில் இருக்கும் லினலூல் காற்றுபட்டுப் பழசாகும்போது அலர்ஜியைக் கிளப்பும் சேர்மங்களாக மாறுகிறது. செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று தோல் பார்ப்பதில்லை. பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எரிந்தால் எது காரணம் என்று கண்டுபிடிப்பதும் எளிது.

படி 5: வெயில்

துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் எரிவதில்லை. வெயில் தடுப்பைக் குறிக்கும் எண்ணான எஸ்.பி.எஃப். 30 போதும், சரியான அளவில் பூசினால் தோலைச் சுட்டெரிக்கும் யு.வி.பி. கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீள அளவு வேண்டும். வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தால் நிறம் கலந்ததாகப் பாருங்கள். எதுவுமே ஒத்துவராத நாட்களில் தொப்பியும் நிழலும் இருக்கின்றன.

படி 6: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது

நான்கு வாரத்தில் எரிச்சல் அடங்கியதா? இனி புதிய பொருளை முழங்கை மடிப்பில் ஒரு நாணயம் அளவுக்கு, தினமும் இருவேளை, ஏழு முதல் பத்து நாட்கள் பூசிப் பாருங்கள். ஒரு நாள் பூசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், அலர்ஜி தாமதமாக வருவது என்று மேலே பார்த்தோம். கழுவிவிடும் பொருளாக இருந்தால் வழக்கமாக வைத்திருக்கும் நேரம் மட்டும் வைத்துக் கழுவுங்கள்.

கையில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் முகமும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த சில நாட்கள் தாடையோரம் மட்டும், அப்புறம் முழு முகம். அதற்கடுத்த பொருளுக்கு இரண்டு வார இடைவெளி விடுங்கள். இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால், எரியும்போது எது குற்றவாளி என்று தெரியாமல் மறுபடி முதல் படிக்கே போக வேண்டிவரும். எந்தத் தேதியில் எதைச் சேர்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். ரெட்டினாலையும் அமிலங்களையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு இரவு, மாய்ஸ்சரைசருக்கு மேல், பட்டாணி அளவு போதும். அவை வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் குறை ஒன்றும் இல்லை.

இவ்வளவு செய்தும் எரிகிறதா?

முகத்தில் பூசாத பொருள்களைப் பாருங்கள். ஷாம்பு நெற்றியில் வழிகிறது, தலைச்சாயம் காதோரம் படுகிறது, தலையணை உறையில் சலவைத்தூளின் மிச்சம் இருக்கிறது. கண் இமை மட்டும் தடித்து அரித்தால் நகப்பூச்சைச் சந்தேகியுங்கள். விரலில் ஒன்றும் தெரியாது. அந்த விரலால் கண்ணைத் தொடும்போது மெல்லிய இமைத்தோல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

உதடு, கண், தொண்டை வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நீர் வடிந்தாலும், சீழ் வைத்தாலும், அரிப்பில் தூக்கம் கெட்டாலும், நான்கு வார ஓய்வுக்குப் பிறகும் குறையாவிட்டாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். அலர்ஜி என்று சந்தேகப்பட்டால் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் சிறு சிறு ஒட்டுகளாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது என்பதால் தேதியை யோசித்து வாங்குங்கள். போகும்போது வீட்டில் பயன்படுத்தும் எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள், தடிப்பு இருந்த நாளில் எடுத்த படங்களும் வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் நாளில் தோல் அடங்கிப்போயிருக்கலாம்.