ஆஸ்திரியச் சிற்றூர்களுக்கு ஒரே டிக்கெட்

சால்ஸ்பர்க்கிலிருந்து க்முண்டன், பாட் இஷல், ஹால்ஸ்டாட் என்று ஒரே நாளில் சுற்ற நினைக்கும் மாணவர்கள், ஊருக்கு ஊர் தனி டிக்கெட் வாங்காமல், இரண்டு முதல் ஐந்து பேர் சேர்ந்து ஆஸ்திரிய ரயில்வேயின் ‘ஐன்ஃபாக் ரவுஸ்’ என்ற ஒருநாள் குழு டிக்கெட் ஒன்றை வாங்குங்கள். கட்டணம் தூரத்துக்கல்ல, ஆட்களுக்குத்தான். ஆள் கூடக்கூடத் தலைக்கு விழும் பங்கு குறையும். மூன்று ஊர்களும் ஒரே பாதையில் இருப்பதால் (சால்ஸ்பர்க்கிலிருந்து வரும்போது அட்நாங்-புக்ஹைமில் ரயில் மாற வேண்டும்) நினைத்த இடத்தில் இறங்கி ஏறலாம்.

தனியாகப் போனால் இந்த டிக்கெட் கிடையாது. ஆர், ரெக்ஸ் போன்ற உள்ளூர் ரயில்களில்தான் செல்லும். அவசரத்தில் ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் ஏறிவிடாதீர்கள். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லுபடியாகும். ஹால்ஸ்டாட் ஸ்டேஷன் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குப் போகும் படகுக்குக் காசு தனி.